ஏஜென்ட் வழியாகக் கப்பல் பயணம் புக் செய்தவர் யாரிடம் பேச வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: குடும்பத்தோடு போகும் சொகுசுக் கப்பல் பயணத்தை ஏஜென்ட் ஒருவர் மூலம் புக் செய்திருக்கிறீர்கள். புறப்பட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதே வகை கேபின் இப்போது கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நிறுவனத்துக்குப் போன் செய்தால் "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்கிறார்கள். ஏஜென்டிடம் கேட்டால் "மெயில் போட்டிருக்கிறேன்" என்று இரண்டு வாரமாக ஒரே பதில். ஏஜென்டை விலக்கிவிட்டு நேரடியாக நிறுவனத்தோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். மேலுக்கு இது விலை பற்றிய கேள்வி. பணம் கட்டியவருக்கே தன் புக்கிங்கில் ஏன் கைவைக்க முடியவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் விலை விஷயத்தில் என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும்.

கப்பல் பயணங்களை விற்கும் ஏஜென்சியில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நிறுவனங்களின் கால் சென்டரோடு தினமும் மல்லுக்கட்டியதுதான் அந்த வேலையில் பாதி. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். சட்டம் என் துறை இல்லை. அதனால் அந்தப் பக்கம் வரும் இடங்களில் எழுத்தில் உள்ள விதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் இன்வாய்ஸையும் நான் பார்க்கவில்லை. சில இடங்களில் அந்தத் தாள் சொல்வதுதான் முடிவு.

முதலில், நிறுவனம் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. புக்கிங் போடும்போதே அது எந்த ஏஜென்சியின் பெயரில் வந்தது என்று நிறுவனத்தின் கணினியில் பதிவாகிவிடும். அன்றிலிருந்து பயணக் கட்டணம், கேபின், சலுகை, ரத்து எல்லாவற்றுக்கும் அந்த ஏஜென்சிதான் பொறுப்பாளர். கால் சென்டரில் எடுப்பவரின் திரையில் உங்கள் பெயரும் கேபினும் தெரியும், ஆனால் விலையை மாற்ற அவருக்கு அனுமதி இருக்காது. ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஏஜென்டுக்கு நிறுவனம் கமிஷன் தருகிறது. துறைமுகக் கட்டணம், வரி போன்றவற்றைக் கழித்துவிட்டு, மிச்சக் கட்டணத்தில் ஒரு சதவீதம். அந்தக் கமிஷனுக்கு ஈடாக வாடிக்கையாளரைக் கவனிக்கும் வேலை ஏஜென்சியுடையது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரே புக்கிங்கில் இரண்டு பேர் தனித்தனியாக மாற்றம் செய்தால், ஒருவர் போட்ட சலுகையை மற்றவர் அறியாமலே அழித்துவிடுவார். அப்படி அழிந்த சலுகையை மீட்டுத்தரச் சொல்லி நாள்கணக்கில் நிறுவனத்தோடு பேசியிருக்கிறேன்.

ஆனால் எல்லாமே ஏஜென்ட் கையில் என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்லைன் செக்-இன், பாஸ்போர்ட் விவரம், கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் பயணங்கள், பான பேக்கேஜ், வைஃபை, சிறப்பு உணவகங்களில் மேசை பிடிப்பது இதெல்லாம் நீங்களே நிறுவனத்தின் இணையதளத்தில் செய்துகொள்ளலாம். அப்படி நேரடியாக வாங்கியவற்றின் ரீஃபண்டையும் நிறுவனத்திடமே கேட்க வேண்டும், ஏஜென்டுக்கு அதில் வேலை இல்லை. சக்கர நாற்காலி, உணவு ஒவ்வாமை, மருத்துவக் கருவி போன்ற தேவைகளுக்கு நிறுவனங்களில் தனிப் பிரிவு இருக்கிறது. அவர்கள் பயணியிடமே பேசுவார்கள், பேசுவதுதான் நல்லது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் ஏஜென்ட் வழியாகப் போங்கள், அதுவும் சீக்கிரம்.

இங்கே ஒரு விஷயத்தை இன்றே பாருங்கள். உங்கள் புக்கிங் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கோடு இணைத்து, தொடர்பு விவரம் என்ற இடத்தில் யாருடைய மெயிலும் போன் நம்பரும் இருக்கின்றன என்று பாருங்கள். பல ஏஜென்சிகள் அங்கே தங்கள் மெயில் முகவரியைத்தான் போட்டுவைக்கும். நிறுவனம் நேரடியாக விளம்பரம் அனுப்பி வாடிக்கையாளரை இழுத்துக்கொள்ளுமோ என்ற பயம். அதன் விளைவு என்னவென்றால், புறப்படும் நேரம் மாறினாலும், போக வேண்டிய துறைமுகங்களில் ஒன்று நீக்கப்பட்டாலும் அறிவிப்பு ஏஜென்சியின் இன்பாக்ஸுக்குப் போய் அங்கேயே கிடக்கும். உங்கள் மெயிலையும் கைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அதே பக்கத்தில் இதுவரை எவ்வளவு பணம் வரவாகியிருக்கிறது, பாக்கி எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்பதும் பெரும்பாலும் தெரியும். தெரியாவிட்டால் கால் சென்டரில் கேளுங்கள். மாற்றம் செய்ய மறுப்பார்களே தவிர, பணம் வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்கு அனேகமாகப் பதில் சொல்லிவிடுவார்கள்.

சரி, விலைக்கு வருவோம். இதில் எல்லாமே ஒரு தேதியைப் பொறுத்தது: முழுப் பணமும் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள். நிறுவனத்தையும் பயண நீளத்தையும் பொறுத்து இது புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாள் முன்பு வரும். உலகம் சுற்றும் நீண்ட பயணங்களுக்கு இன்னும் முன்னால். அந்த நாளுக்கு முன்பு விலை குறைந்தால், புதிய விலையின் நிபந்தனைகள் உங்களுக்குப் பொருந்தும்பட்சத்தில், புக்கிங்கைப் புது விலைக்கு மாற்றலாம். ஏஜென்டுக்கு அது பெரிய வேலையே இல்லை, ஒரு போன் அழைப்பில் அல்லது கணினியிலேயே முடியும். அந்த நாள் தாண்டிவிட்டால் குறைந்த விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நிறுவனங்கள் கப்பலில் செலவழிக்க ஒரு கிரெடிட்டோ, மேல் வகை கேபினோ தருவதுண்டு. அது அவர்களாகப் பார்த்துத் தருவது, நீங்கள் உரிமையோடு கேட்கக்கூடியது அல்ல. உங்களுக்கு நான்கு மாதம் என்றால் ஏறக்குறைய 120 நாள். அந்தத் தேதி இன்னும் ஒரு மாதம் தள்ளியும் இருக்கலாம், இந்த வாரமே முடியவும் செய்யலாம். ஆகவே இன்வாய்ஸில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஒரு எச்சரிக்கை: ஏஜென்சி தன் வசதிக்காக நிறுவனத்தின் தேதிக்குச் சில நாள் முன்னதாகவே உங்களிடம் பணம் கேட்கும். இரண்டும் வேறு வேறு தேதிகள்.

அடுத்தது, அந்தக் குறைந்த விலை உண்மையிலேயே குறைவுதானா? இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். நீங்கள் வாங்கியபோது கட்டணத்துக்குள் பான பேக்கேஜும் வைஃபையும் சேர்ந்திருக்கலாம். இன்று தளத்தில் தெரியும் விலை வெறும் கேபினுக்கானதாக இருக்கலாம். உங்கள் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகையாகவும், புதிய விலையில் டெபாசிட் திரும்பாத வகையாகவும் இருக்கலாம். உங்கள் கேபின் எண் குறிப்பிட்டதாகவும், புதியது "எந்த கேபின் என்று பிறகு சொல்வோம்" என்ற வகையாகவும் இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு தம்பதி விலை குறைந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று நின்றார்கள். இரண்டு இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் பழையதில் இருந்த இரண்டு பேருக்கான பான பேக்கேஜும், கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டும் புதியதில் இல்லை. அவற்றைத் தனியாக வாங்கினால் மிச்சமானதைவிட இரண்டு மடங்கு செலவாகும். அவர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் பழைய சலுகை திரும்பி வராது என்பதால் இதைப் போனில் முடிவு செய்யாமல் தாளில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏஜென்சி மொத்தமாகப் பிடித்துவைத்த குழு கேபின்களில் ஒன்று உங்களுடையது என்றால் கணக்கு இன்னும் மாறும். குழு விலைக்கு நிபந்தனைகளே தனி.

இனி ஏஜென்டை எப்படி அசைப்பது? "விலை குறைந்திருக்கிறதே, கொஞ்சம் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அது மற்ற நூறு செய்திகளோடு போய்விடும். மெயிலில் எழுதுங்கள். எழுதும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: "புக்கிங் எண் இது, கப்பல் இது, புறப்படும் தேதி இது. இன்று காலை நிறுவனத்தின் தளத்தில் இதே வகை கேபின் இந்த விலைக்கு இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இந்த விலைக்கு மாற்றினால் எனக்கு என்ன குறையும், எந்தச் சலுகை போகும் என்று இரண்டையும் எழுதி, புதிய இன்வாய்ஸின் முன்வடிவை வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். நான் சம்மதம் சொன்ன பிறகு மாற்றுங்கள்." இந்த மெயிலில் ஏஜென்ட் நழுவ இடமே இல்லை. எல்லா விவரமும் இருக்கிறது, கெடு இருக்கிறது, அவர் தனியாகத் தேட வேண்டியது எதுவும் இல்லை. விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும்.

"நிறுவனத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன்" என்ற பதில் மறுபடியும் வந்தால், மூன்று பேரும் ஒரே அழைப்பில் பேசலாம் என்று கேளுங்கள். ஏஜென்ட் நிறுவனத்தை அழைத்து, உங்களையும் இணைப்பில் சேர்த்துக்கொள்வது. இது வழக்கத்தில் உள்ளதுதான், நிறுவனமும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் பொறுப்பாளர் இணைப்பில் இருக்கிறார். யார் சொல்வது உண்மை என்ற சந்தேகம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அழைப்பு முடியும் முன் "இப்போது பேசியதை என் புக்கிங்கில் குறிப்பாகப் பதியுங்கள்" என்று கேட்டு, பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஏஜென்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருடைய மேலாளரிடம் போங்கள். வீட்டில் இருந்து வேலை செய்யும் தனி ஏஜென்டாக இருந்தாலும் அவருக்கு மேலே ஒரு தாய் ஏஜென்சி இருக்க வாய்ப்பு அதிகம். இன்வாய்ஸின் தலைப்பில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். வெளியில் பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. ஏஜென்சிகளைக் கவனிப்பதற்கென்றே ஒவ்வொரு பெரிய நிறுவனமும் பகுதிவாரியாக விற்பனை அதிகாரிகளை வைத்திருக்கிறது. கால் சென்டர் மறுத்ததை அவர்கள் சில நேரம் சரிசெய்து தருவார்கள். அவரை நீங்கள் அழைக்க முடியாது, உங்கள் ஏஜென்டால் முடியும். "உங்கள் பகுதி அதிகாரியிடம் சொன்னீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று ஏஜென்டுக்குப் புரியும்.

ஏஜென்டை விலக்கிவிடலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் முடியாது என்பதே பதில். நேரடியாக நிறுவனத்தில் போட்ட புக்கிங்கை ஏஜென்டுக்கு மாற்றலாம், அதுவும் புக் செய்த குறிப்பிட்ட நாட்களுக்குள், முழுப் பணம் கட்டும் முன். எதிர்த் திசையில், ஏஜென்டிடம் இருந்து நிறுவனத்துக்கோ வேறு ஏஜென்சிக்கோ மாற்ற, முதல் ஏஜென்சி எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கமிஷனை யாரும் லேசில் விடமாட்டார்கள். விட்டுக்கொடுத்தாலும் நிறுவனம் ஏற்க வேண்டும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எனவே நடைமுறையில் ஒரே வழி, ரத்து செய்து புதிதாகப் போடுவது. கடைசித் தேதிக்கு முன்பு, டெபாசிட் திரும்பும் வகையாக இருந்தால் அதில் நஷ்டம் இல்லை. ஆனால் மூன்றைச் சரிபார்க்காமல் இறங்காதீர்கள்: டெபாசிட் எந்த வகை, ஏஜென்சி தனியாக ரத்துக் கட்டணம் பிடிக்கிறதா, அதே கேபின் இன்னும் கிடைக்கிறதா. நிறுவனம் ஒன்றுமே பிடிக்காத நேரத்திலும் ஏஜென்சி தன் நிபந்தனைப்படி ஒரு தொகை எடுத்துக்கொள்வது உண்டு. நீங்கள் ரத்து செய்த கேபின் அடுத்த நிமிடமே வேறொருவர் திரையில் தெரியும், அதைத் திரும்பப் பிடிக்க உத்தரவாதம் கிடையாது. பழையதை ரத்து செய்யாமலே புதியதைப் போட்டாலும், ஒரே பயணத்தில் ஒரே பெயர் இரண்டு முறை இருப்பதால் சிக்கல் வரும். என்னைக் கேட்டால், மேலே சொன்ன மெயிலுக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நல்ல ஏஜென்டாக இருந்தால் அதோடு விழித்துக்கொள்வார்.

பணம் யார் கைக்குப் போனது என்பதையும் பார்த்துவிடுங்கள். கார்டு ஸ்டேட்மென்டில் கப்பல் நிறுவனத்தின் பெயர் வந்திருந்தால் பணம் நேராக அங்கே போயிருக்கிறது. ஏஜென்சி நாளையே மூடினாலும் உங்கள் புக்கிங் நிறுவனத்திடம் உயிரோடு இருக்கும், நேரடியாகப் பேசவும் அப்போது வழி திறக்கும். ஏஜென்சியின் பெயர் வந்திருந்தால், அவர்கள் உங்களிடம் வாங்கியதை நிறுவனத்துக்குக் கட்டிவிட்டார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ரீஃபண்ட் வரும்போதும் அது வந்த வழியிலேயே திரும்பும்: நிறுவனம் ஏஜென்சிக்கு, ஏஜென்சி உங்களுக்கு. 2020இல் கொரோனா காலத்தில் பயணங்கள் வரிசையாக ரத்தானபோது ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பலர் மாதக்கணக்கில் அலைந்ததற்கு இந்த இரட்டை வழியும் ஒரு காரணம். வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சியும் ஸ்டேட்மென்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மீதுதான் போகும். ஆனால் பயணத்துக்கு முன் அதைச் செய்தால் புக்கிங்கே ரத்தாகும் அபாயம் இருக்கிறது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு எடுக்க வேண்டிய படி அது.

சட்டம் எங்கே துணைக்கு வரும்? அது புக் செய்த நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜ் பயணங்களுக்கான 2015ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, பயணி தன் புகாரை விற்ற ஏஜென்டிடமே கொடுக்கலாம். ஏஜென்ட் அதைத் தாமதமின்றி ஏற்பாட்டாளருக்கு, அதாவது அந்தப் பேக்கேஜை உருவாக்கிய நிறுவனத்துக்கு, அனுப்ப வேண்டும். காலக்கெடுவைக் கணக்கிடும்போது ஏஜென்டுக்குக் கிடைத்த நாளே ஏற்பாட்டாளருக்குக் கிடைத்த நாள். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணங்களுக்கு 2022 முதல் ஒரு விதி இருக்கிறது: பயணம் ரத்தானாலோ, ஏறும் நாள் மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, மாற்று ஏற்பாட்டை ஏற்காத பயணி கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று இந்த இரண்டுமே சொல்லவில்லை. அது நிறுவனத்தின் கொள்கை மட்டும்தான். ஆகவே "வழக்குப் போடுவேன்" என்று எழுதி அந்த மெயிலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புறப்படும் நாள் வந்துவிட்டால் கதையே வேறு. விமானம் தாமதமாகிக் கப்பலைப் பிடிக்க முடியாது போலிருந்தால் ஏஜென்ட் போனை எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், பயண ஆவணத்தில் உள்ள நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். அந்த நேரத்தில் யார் விற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விமான டிக்கெட்டையும் கப்பல் நிறுவனத்திடமே வாங்கியிருந்தால் மாற்று ஏற்பாட்டுக்கு அவர்களுடைய விமானப் பிரிவு உதவும். தனியாக வாங்கியிருந்தால் அடுத்த துறைமுகம் வரை போய்ச் சேருவது உங்கள் செலவு. அதற்காகத்தான் பயணக் காப்பீடு. கப்பலுக்குள் ஏறிய பிறகு கேபின் ஏசி ஓடவில்லை, கழிவறை அடைத்துக்கொண்டது, பில்லில் வாங்காத பொருள் இருக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் கப்பலின் வரவேற்பு மேசைதான். அங்கேயே சொல்லிப் பதிவு செய்ய வைப்பது முக்கியம். இறங்கிய பிறகு எழுதும் புகாருக்கு "அப்போதே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே" என்பதுதான் வரும் முதல் பதில். பில்லைக் கடைசி இரவே பார்த்துவிடுங்கள், இறங்கும் காலையில் அந்த மேசை முன் வரிசை நீண்டுவிடும்.

ஊருக்குத் திரும்பிய பின் கப்பலில் நடந்த சேவைக் குறைக்கு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதலாம். கட்டணம், வாக்களித்த சலுகை, ஏஜென்சி தருவதாகச் சொன்ன கிரெடிட் ஆகியவற்றுக்கு ஏஜென்டுக்கே எழுத வேண்டும். கப்பலில் காயம் பட்டாலோ உடல்நலம் கெட்டாலோ நாட்களைக் கடத்தாதீர்கள். அமெரிக்க நிறுவனங்களின் பயண ஒப்பந்தங்கள் பலவற்றில் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஒரு வருடத்துக்குள் வழக்கு, அதுவும் அவர்கள் குறிப்பிடும் ஊரின் நீதிமன்றத்தில் என்று இருக்கும். வழக்கு நடக்கும் இடத்தை நிறுவனமே குறிப்பிடும் அந்த நிபந்தனை செல்லும் என்று கார்னிவல் நிறுவனம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஐரோப்பியத் துறைமுகத்தில் ஏறியிருந்தால், அங்குள்ள கடல் பயணிகள் உரிமை விதியின் கீழ் வரும் புகாரை நிறுவனத்துக்குக் கொடுக்க இரண்டு மாதம் அவகாசம். செக்-இன் செய்யும்போது ஒரே சொடுக்கில் நாம் ஒப்புக்கொள்ளும் நீண்ட ஆவணம்தான் மேலே சொன்ன பயண ஒப்பந்தம். அதை இறக்கி, உங்கள் இன்வாய்ஸ் இருக்கும் அதே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் உள்ள கடைசித் தேதியையும் டெபாசிட் வகையையும் இங்கே எழுதினால், மாற்றுவது லாபமா என்று சேர்ந்து பார்க்கலாம்.